கழுகைப் பிடி, குருவி தானாக வரும்

பத்து மணித் தேத்தண்ணிக்குக் கொழுந்துக் கூடை இறங்கும் நேரத்தில்தான் இலங்கை மலையகத்து அப்புத்தளையின் தேயிலைச் சரிவு சூடேறி, பாம்புக் கழுகு வட்டமிடத் தொடங்கும். அதுவரை நிழல் மரத்தில் சாதுவாக இருந்த கரிக்குருவிக்கு வேலை வந்துவிட்டது; அது கழுகை விரட்டுவதைப் படமெடுக்க வந்த நமக்கும்தான். திருவிளையாடல் கதையில் சொக்கநாதரே மந்திரம் சொல்லிக்கொடுத்து வலியான் என்று பேர் வைத்த பறவை அல்லவா? மேலிருந்து, பின்புறமாக, பிடரியைப் பார்த்துத்தான் இறங்கும். அங்கே கழுகின் நகம் எட்டாது.

முதலில் சத்தம்தான் வரும். குருவி கரகரவென்று விடாமல் கத்தினால் உடனே கெமராவைத் தூக்குங்கள். லென்ஸ் மூடியைக் கழற்றவில்லை என்பது, "என்னா தம்பி, பருந்துக்கு கலியாண போட்டோவா?" என்று கேட்கும் கொழுந்தெடுக்கிற அக்காவுக்குத்தான் முதலில் தெரியும்.

குருவியை ஃபோகஸில் பிடிக்கப் போனால் அன்றைக்கு வானம் மட்டும்தான் மிஞ்சும். கழுகைத் தொடருங்கள், கொத்துவதற்குக் குருவி தானாக ஃபிரேமுக்குள் வரும். ஆனால் அதற்கு இடம் விட வேண்டும். லென்ஸ் சூமை 400 மி.மீ.யில் வைத்து, கழுகே ஃபிரேமை அடைத்துக்கொண்டால், குருவி வெளியே நிற்க, கழுகு வயிற்றுவலிக்காரர் மாதிரி நெளியும் படம்தான் கிடைக்கும். 300க்கு இறக்குங்கள்.

ஷட்டர் வேகம் 1/2500 விநாடியை விட மெதுவாக வேண்டாம். லென்ஸ் துவாரத்துக்கு, தூரத்தில் எஃப் 5.6 போதும்; 25 மீற்றருக்குள் வந்தால் எஃப் 8, இல்லையென்றால் இரண்டில் ஒன்று மங்கும். பின்னால் வெள்ளைப் பனிமூட்டமா? எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, ஒன்று, ஒன்றரை ஸ்டொப் கூட்டுங்கள். கூட்டாவிட்டால் இரண்டுமே கரித்துண்டு.

மலை உச்சியில் இருக்கும் லிப்டன் சீட் காட்சிமுனையில் நின்றால் கதை தலைகீழ். பறவைகள் காலுக்குக் கீழே பறக்கும், பின்னணி முழுக்கத் தேயிலை. கூட்டியதைத் திரும்பக் குறைக்க மறந்துவிடாதீர்கள். அகலமான ஃபோகஸ் பகுதியை வைத்திருந்தால் கெமரா தேயிலை வரிசையைப் பிடித்துக்கொண்டு கொழுந்தை இலை இலையாகத் தெளிவாக எடுத்துத் தரும். கம்பனிக் கலண்டருக்கு ஆகும். நடுவில் சிறிய பகுதியை மட்டும் வையுங்கள்.

பொத்தானை அமுக்கியே பிடிப்பதும் வேண்டாம். குருவி சிறகை மடக்கி இறங்கும்போது ஐந்தாறு படம், பிறகு விரலை எடுங்கள். பொறுமை போன கழுகு சில வேளை மல்லாந்து நகத்தை விரிக்கும். அந்த அரை விநாடியில் பஃபர் என்ற தற்காலிக நினைவகம் நிரம்பி கெமரா கார்டில் எழுதிக்கொண்டிருந்தால், அதைப் பார்த்தவர்கள் நீங்களும் அந்த அக்காவும் மட்டும்தான்.

குருவி கழுகை விட்டுவிட்டு உங்கள் தொப்பிக்கு வந்தால் கூடு பக்கத்தில் இருக்கிறது. படத்தை விட்டுவிட்டு நன்றாகத் தள்ளிப் போங்கள். அக்கா இன்னொரு தடவை சிரிப்பார்.