கைப்பிடியிலிருந்து கணினிக்கு: சாட்ஸ்வொர்த் ஷெட் நாட்குறிப்பு

7 ஏப்ரல் 2023, வெள்ளி

புனித வெள்ளி. தெருவில் பாதிப் பேர் மவுண்ட் எட்ஜ்கோம் மாரியம்மன் கோயிலுக்குக் கிளம்பிவிட்டார்கள். கோயம்புத்தூரிலிருந்து தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்த புதிதில் எனக்கு இது விளங்கவே இல்லை. புனித வெள்ளிக்கும் மாரியம்மனுக்கும் என்ன சம்பந்தம்? கரும்புத் தோட்டக் காலத்தில் லீவு கிடைத்ததே அந்த நாளில்தான் என்பார் பக்கத்து வீட்டுத் தாத்தா. சரி, எனக்கும் இன்று லீவு. ஷெட்டைத் திறந்தேன்.

ஜேக்கப்ஸ் பக்கம் மூடிய ஒரு பட்டறையில் வாங்கிய பழைய தைவான் மில்லிங் மெஷின், சுழலும் கட்டரால் உலோகத்தைச் செதுக்குவது. மூன்று அச்சும் கைப்பிடி சுற்றித்தான் ஓடும். அதைக் கணினிக்கு மாற்றப் போகிறேன். முதல் வேலை, ப்ளே, அதாவது ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் நடுவே உள்ள தளர்வு, எவ்வளவு என்று பார்ப்பது. டேபிளில் நுண்ணிய அசைவை முள்ளில் காட்டும் டயலை முட்டவைத்து, கைப்பிடியை ஒரு பக்கம் சுற்றி முள்ளைப் பூஜ்யத்தில் நிறுத்தி, எதிர்ப்பக்கம் திருப்பினேன். கைப்பிடி சுற்றுகிறது, முள் அசையவில்லை. எக்ஸ் அச்சில் 0.38 மில்லி சுற்றிய பிறகுதான் முள்ளுக்கு உயிர் வந்தது. ஒய் அச்சில் 0.30.

கையால் ஓட்டுகிறவனுக்கு இது பெரிய தொந்தரவு இல்லை. எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து அளவுக்கு வருவான், பழகிவிடும். மென்பொருளில் 0.38ஐக் கூட்டிக்கொள்ளச் சொல்லலாம்தான். ஆனால் அது ஸ்க்ரூவைக் கூடுதலாகச் சுற்றுமே தவிர டேபிளைப் பிடித்து வைக்காது. கட்டர் டேபிளைத் தன் பக்கம் இழுக்கிற திசையில் வெட்டும்போது அந்த 0.38ம் ஒரே தாவலாகத் தாவும். கட்டர் போச்சு. ஆகவே பால் ஸ்க்ரூ, நட்டுக்குள் குண்டுகள் உருளும் வகை.

22 ஏப்ரல், சனி

மூன்று ஸ்க்ரூவும் வந்துவிட்டன. 16 மில்லி விட்டம், சுற்றுக்கு 5 மில்லி. எக்ஸ் நட்டு மட்டும் எனக்கு வேண்டிய திசைக்கு எதிராகப் பார்த்து உட்கார்ந்திருந்தது. கழற்றித் திருப்ப வேண்டும். ஸ்க்ரூ நுனியில் ஒரு குழாயை ஒட்டிவைத்து நட்டை அதன் மேல் நகர்த்தினால் குண்டுகள் உள்ளேயே இருக்கும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும், குழாய் தேடச் சோம்பல்பட்டு, மெதுவாகச் சுற்றினால் என்ன ஆகிவிடும் என்று சுற்றினேன்.

3.175 மில்லி குண்டுகள். மிளகு மூட்டை அவிழ்ந்த மாதிரி தரையெல்லாம் ஓடின. மகன் காந்தத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் தவழ்ந்தான். அப்புறம் மண்ணெண்ணெயில் கழுவி, பள்ளத்தில் கிரீஸ் தடவி, ஒவ்வொன்றாக இடுக்கியால் உள்ளே வைத்தேன். கிரீஸ்தான் பிடித்துக்கொள்கிறது. இரண்டரை மணி நேரம். கடைசியில் ஒன்று குறைந்தது. ராத்திரி என் மனைவியின் செருப்பில் அகப்பட்டது.

6 மே, சனி

அலுவலகம் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டரில் மெஷினை ஓட்டும் மென்பொருளான லினக்ஸ்சிஎன்சி ஏற்றினேன். பின்னால் பேரலல் போர்ட் இருக்கிறது, அதற்காகவே கேட்டு வாங்கினேன். துடிப்பை அனுப்பக் கம்ப்யூட்டர் எவ்வளவு தாமதிக்கிறது என்று பார்க்கும் சோதனையை அரை மணி ஓடவிட்டு, கூடவே படம் ஓட்டித் தொல்லை கொடுத்தும் பார்த்தேன். 18 மைக்ரோ வினாடியைத் தாண்டவில்லை. இந்த வயதுக்குப் பரவாயில்லை.

மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 படி. மோட்டாரை ஓட்டும் டிரைவர் பெட்டியில் ஒவ்வொரு படியையும் பத்தாகப் பிரித்தால் 2000 துடிப்பு. சுற்றுக்கு 5 மில்லி என்றால் மில்லிக்கு 400. எழுதிவிட்டு 100 மில்லி போகச் சொன்னேன். 50 போய் நின்றது. அரை நாள் மென்பொருளைக் குடைந்தேன். டிரைவரின் பக்கவாட்டில் உள்ள குட்டி சுவிட்சு ஒன்று 4000இல் இருந்தது.

1952இல் எம்ஐடியில் உலகுக்குக் காட்டிய முதல் எண்கட்டுப்பாட்டு மெஷினும் புதிதாகச் செய்ததல்ல. சின்சினாட்டி ஹைட்ரோடெல் என்ற மில்லிங் மெஷினை எடுத்து மாற்றியதுதான். துளை போட்ட காகித நாடா, ஒரு அறை நிறைய வெற்றிடக் குழாய்கள். எனக்கு ஷெட் மூலையில் ஒரு பெட்டி போதுகிறது.

20 மே, சனி

இன்று முதல் வெட்டு. அலுமினியத் துண்டில் ஒரு சதுரப் பள்ளம். முக்கால்வாசி முடிந்தபோது லோட் ஷெட்டிங், முறைவைத்து வரும் மின்வெட்டு. அட்டவணையில் மணி போட்டிருந்ததை நான்தான் பார்க்கவில்லை.

இருட்டு. கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டில் முனகி நின்றது. அந்த அமைதியில் ஏதோ வழுக்குகிற சத்தம், முதலில் மெல்ல, அப்புறம் வேகமாக. டக். போன் வெளிச்சத்தில் பார்த்தால் ஸ்பிண்டிலைத் தாங்கும் தலை முழுக்க இறங்கி அலுமினியத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. 6 மில்லி கார்பைடு கட்டர் மூன்று துண்டு. பொதுச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தாத்தா, "ஆல் ரைட்டா, மை பாய்?" என்றார்.

டார்ச்சோடு வந்துவிட்டார். சர்க்கரை ஆலையில் ஃபிட்டராக இருந்தவர். தேவாரம் பாடும்போது தமிழ், அதுவும் ஆங்கில எழுத்தில் எழுதிவைத்த நோட்டைப் பார்த்து; மற்றதெல்லாம் இங்கிலீஷ். தலையைப் பார்த்தார், மோட்டாரைப் பார்த்தார், ஒரே கேள்வி கேட்டார்: "பிரேக் எங்கே?"

27 மே, சனி

பழைய ஸ்க்ரூவைக் கையில் எடுத்துப் பார்த்தேன். மரையும் நட்டும் உலோகத்தோடு உலோகமாக உரசும். கைப்பிடியைச் சுற்றினால் தலை ஏறும், தலையை அழுத்தினால் கைப்பிடி சுற்றாது. பால் ஸ்க்ரூவில் அந்த உரசல் கிடையாது. தலையின் எடையே அதைச் சுற்றிவிடும். மோட்டாரில் கரண்ட் இருக்கும்வரை மோட்டார் பிடித்தது. உரசலைத் தொலைக்கத்தான் காசு கொடுத்தேன். இத்தனை வருஷம் தலையைத் தாங்கியது அதுதான் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

மூலைக்கடையில் பக்கியின், அதாவது பிக்கப் வண்டியின், பின்மூடிக்குப் போடும் கேஸ் ஸ்ட்ரட் இரண்டு வாங்கினேன், வாயு அடைத்த தாங்குகுழாய். ஒவ்வொன்றிலும் 300 நியூட்டன் என்று அச்சடித்திருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் 60 கிலோ எடையைத் தாங்கும். அதோடு பிரேக் வைத்த மோட்டாருக்கும் சொல்லியாயிற்று. 24 வோல்ட் இருந்தால் விடும், போனால் பிடிக்கும்.

10 ஜூன், சனி

ஸ்பிண்டிலைப் போட்டாலே, அச்சின் எல்லையில் உள்ள லிமிட் சுவிட்ச் தட்டியதாகச் சொல்லி மெஷின் நிற்கிறது. ஸ்பிண்டில் வேகத்தை மாற்றும் விஎஃப்டி பெட்டியின் வயரையும் சுவிட்ச் வயரையும் ஒரே குழாயில் கட்டியிருந்தேன். பிரித்து, ஷீல்டு வயர் போட்டு, ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்தேன். தொல்லை ஒழிந்தது.

23 ஜூலை, ஞாயிறு

ஆடிக் கூழ். கோயிலில் குடித்துவிட்டு வந்து சோதனை. ஸ்ட்ரட்டைத் தாங்கும் பிராக்கெட்டை மெஷினே வெட்டியதால் அதைப் பூட்டும்போது கொஞ்சம் கர்வம். தலையை நடு உயரத்தில் நிறுத்தி, கீழே டயல் வைத்து, மெயின் சுவிட்சை அணைத்தேன். முள் 0.02 இறங்கி நின்றது. பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அசையவில்லை.

தாத்தா உடைந்த பிளாஸ்டிக் பல்சக்கரம் ஒன்றை நியூஸ்பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்தார். கேட் மோட்டாருடையது. ஒவ்வொரு தடவை கரண்ட் வரும்போதும் உதறுகிறதாம். 23 பல், அதில் மூன்று இல்லை. பல்லிடுக்கில் என் 3 மில்லி கட்டர் நுழையாது, 2 வேண்டும். நாளை ராத்திரி எட்டுக்குக் கரண்ட் போகும். அதற்குள் கட்டர் கிடைத்தால் வெட்டிவிடலாம்.