சமய பாடவேளையைப் பார்த்துக் கணிதத்துக்கு நேரசூசி போடுதல்

திருகோணமலையில் ஒரு கிறிஸ்தவப் பாடசாலையின் நேரசூசியைப் போட உட்கார்ந்தால் முதலில் நிரப்ப வேண்டிய கட்டம் சமயம்தான். மிஷன் காலத்துப் பெயரும் காலைத் துதிப்பாடலும் அப்படியே இருந்தாலும், 1960க்குப் பிறகு இவற்றில் பெரும்பாலானவை அரச பாடசாலைகள். ஒரே வாங்கில் இருக்கும் பிள்ளைகள் கிறிஸ்தவம், கத்தோலிக்கம், சைவநெறி, இஸ்லாம் என்று நாலு அறைக்குப் பிரிவார்கள். அதற்கு நாலு ஆசிரியர்களும் ஒரே பாடவேளையில் கிடைக்க வேண்டும். அது பிசகினால் முழு நேரசூசியும் பிசகும். மணி அடித்ததும் பிள்ளைகள் கொப்பியைத் தூக்கிக்கொண்டு இடம் மாறுகிறார்கள். யாரும் அதை ஒரு குறையாக நினைப்பதில்லை.

மெல்லக் கற்கும் பிள்ளைகளுக்கென்று தொடங்கும் வகுப்புகள் ஏன் ஒரு தவணைகூடத் தாங்குவதில்லை என்பதற்கு விடையும் இந்தக் கட்டத்திலேயே இருக்கிறது. அவற்றை எப்போதும் 1.30க்குப் பாடசாலை விட்ட பிறகுதான் வைக்கிறோம். கிண்ணியாவுக்கும் நிலாவெளிக்கும் போகிற பிள்ளைக்கு பஸ் போய்விடும். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை. மற்ற நாட்களில் ரியூசன். கடைசியில் தங்குவது பாடசாலைக்குப் பக்கத்தில் வீடு உள்ளவர்கள்தான், தேவை உள்ளவர்கள் அல்ல. தரம் 10இல் மூன்று பிரிவு இருந்தால் மூன்றுக்கும் கணிதத்தை ஒரே பாடவேளையில் போடுங்கள். வாரத்தில் இரண்டு பாடவேளை மட்டும் பிரிவுகளைக் கலைத்து மூன்று குழுவாக்கலாம். சமயத்துக்குச் செய்யும் அதே வேலைதான். இதற்குப் புதிதாக ஆசிரியர் தேவையில்லை, பிடிவாதமான ஒரு பிரதி அதிபர் போதும்.

குழுவைத் தவணைப் புள்ளியை வைத்துப் பிரிப்பதுதான் வழக்கமான பிழை. 28 எடுத்த இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு வேறு நோய் இருக்கும். அதற்குப் பதிலாக ஒரு சிறு சோதனை வையுங்கள்: தரம் 6 முதல் 9 வரையான அலகுகளிலிருந்து 20 சிறு வினாக்கள், ஒரு பாடவேளை, செய்கை கட்டாயம். திருத்தும்போது சரி பிழையை விட்டுச் செய்கையைப் பார்க்க வேண்டும். ½ + ⅓ = ⅖ என்று எழுதியிருந்தால் தொகுதியோடு தொகுதியையும் பகுதியோடு பகுதியையும் கூட்டியிருக்கிறது. அதைச் சிவப்பால் வெட்டிப் பயனில்லை. ‘அரைப் பாணோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அரையைவிடக் குறையுமா?’ என்று வாயால் கேட்க வேண்டும். ⅖ அரையைவிடச் சிறியது என்று பிடித்துக்கொண்டால் அந்தப் பிள்ளைக்குப் பின்னம் என்றால் என்ன என்பது தெரியும், முறைதான் போதாது. இரண்டு கிழமை காணும். பிடிக்காவிட்டால் கடதாசியை மடித்துக் காட்டுவதிலிருந்து தொடங்க வேண்டும். மூன்றாவது வகை ஒன்றும் உண்டு. வினாவை நாம் வாசித்துக் காட்டினால் சரியாகச் செய்யும், தானே வாசித்தால் விட்டுவிடும். அதன் சிக்கல் தமிழ் வாசிப்பு. இன்னொரு கணித வகுப்பு அதற்கு உதவாது.

க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு வரும்போது கணக்கை வெளிப்படையாகப் போட்டுக் காட்டுவது நல்லது. கணித வினாத்தாள் I, பகுதி A: 25 வினா, 50 புள்ளி. பகுதி B: 5 வினா, 50 புள்ளி. வினாத்தாள் II: 12 வினாவில் 10, மொத்தம் 100. இரண்டையும் கூட்டி இரண்டால் பிரிப்பார்கள். S (சாதாரண) சித்திக்கு 35, அதாவது 200க்கு 70. பகுதி Aயில் 30, பகுதி Bயில் 25 எடுக்கும் பிள்ளைக்கு வினாத்தாள் IIஇல் 15 போதும். வரைபு வினாவில் அட்டவணையை நிரப்பிப் புள்ளிகளைக் குறித்து வளையியை வரைவது, கேத்திர அமைப்பு வினாவின் முதல் படிகள், கூட்டமாக்கிய பரம்பலின் இடை: அந்த 15 இவற்றில் கிடைக்கும். பாடத்திட்டம் முழுவதையும் மெதுவாக நடத்தி முடிக்கப் பார்க்கிற விசேட வகுப்பு பாதி வழியில் நின்றுவிடும். உயர்தரத்துக்குத் தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு சித்தி, மூன்று திறமைச் சித்தி என்பது பொதுவான விதி. ஆகவே அந்த 15 ஒரு பிள்ளையின் அடுத்த இரண்டு வருடம். அது கைகூடாதவர்களுக்கு 2017இல் தொடங்கிய 13 வருட உத்தரவாதக் கல்வியின் தொழிற்பிரிவு இருக்கிறது. ஆனால் அது தெரிவு செய்யப்பட்ட பாடசாலைகளில் மட்டும் நடப்பதால், எங்கே என்று பெறுபேறு வருமுன்பே விசாரித்து வைக்க வேண்டும்.

ஆங்கில மொழிமூலப் பிரிவில் விஞ்ஞானம் விழுந்தால் அதே வினாவைத் தமிழில் கொடுத்துப் பார்க்க வேண்டும். தமிழில் சரியாக எழுதினால் குறை சொற்களில். தமிழிலும் விழுந்தால் பாடத்தில். இதைச் சோதிக்காமல் பிள்ளையைத் தமிழ் மொழிமூலத்துக்கு மாற்றினால் அங்கும் அதே புள்ளிதான் வரும்.

பார்வைக் குறைபாடோ எழுதச் சிரமமோ உள்ள பிள்ளைக்கு மேலதிக நேரத்தையும் எழுதுநரையும் கேட்டு அதிபர் ஊடாகப் பரீட்சைத் திணைக்களத்துக்கு விண்ணப்பிக்கலாம். மருத்துவ அறிக்கையைக் கடைசி மாதத்தில் தேடுவது ஒரு பிழை. பெரிய பிழை, எழுதுநரோடு ஒருநாளும் பழகாத பிள்ளையைப் பரீட்சை மண்டபத்துக்கு அனுப்புவது. ‘பகுதியில் மூன்று, தொகுதியில் இரண்டு’ என்று சொல்லி எழுதுவிப்பது தனிப் பயிற்சி. தரம் 10இன் தவணைப் பரீட்சைகளிலேயே அதைத் தொடங்க வேண்டும்.

மீத்திறன் பிள்ளைகளுக்கு நாம் வழக்கமாகச் செய்வது இரண்டு: இன்னும் பத்துக் கணக்குக் கொடுப்பது, அல்லது கடைசி வாங்குக்காரருக்குப் படிப்பிக்கச் சொல்வது. முதலாவது கெட்டித்தனத்துக்குத் தண்டனை, இரண்டாவது சம்பளமில்லாத வேலை. ஒரே கணக்கை இரண்டு வழியில் செய்து எது குறுகியது, ஏன் என்று எழுதச் சொன்னால் முழுப் பாடவேளையும் ஓடிவிடும்.

குழுப் பட்டியலைப் பென்சிலில் எழுதுங்கள், நாலு கிழமைக்கொருமுறை அழித்து எழுதுங்கள். மையில் எழுதியது டிசம்பர் வரை மாறாது. பிள்ளைகளே ‘சி குறூப்’ என்று பெயர் வைத்துக்கொள்வார்கள். ஆசிரிய இடமாற்றம் வந்தால் அந்தக் கோப்பு மட்டும்தான் மிஞ்சும். அதில் ‘கணிதம் 28’ என்று இருந்தால் புதிதாக வருபவர் ஒரு தவணையை ஆளறியவே செலவழிப்பார். ‘பின்னம் கூட்டும், வகுத்தலில் தலைகீழாக்க மறக்கும், வினாவை வாசித்துக் காட்ட வேண்டும்’ என்று இருந்தால் மறுநாளே தொடங்கலாம்.