கொல்கத்தாவில் ஓர் அரையிறுதியும் ஓயாத ஒரு கணக்கும்

2025 ஆகஸ்ட் மாதம் டுராண்ட் கோப்பைக் கால்பந்துப் போட்டியின் அரையிறுதியைப் பார்க்கக் கொல்கத்தா சென்றிருந்தேன். ஆனால் அங்கு இருந்த நாட்களில் அந்த ஆட்டத்தைவிட, இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் அதே சால்ட் லேக் அரங்கில் நடந்த வேறோர் அரையிறுதியைப் பற்றித்தான் அதிகம் கேட்டேன். 1997 ஜூலை 13 அன்று ஃபெடரேஷன் கோப்பையில், அந்த ஊரின் பரம வைரிக் கழகங்களான ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோதிய ஆட்டம் அது. ஈஸ்ட் பெங்கால் 4-1 என்ற கணக்கில் வென்றது. பார்த்தவர்கள் 1,31,781 பேர் என்று பதிவாகியிருக்கிறது. கோல் கணக்கில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆள் கணக்கில்தான் சண்டை.

என்னை அழைத்துச் சென்றவர், சென்னைக் கிளையில் சில ஆண்டுகள் என்னோடு பணியாற்றி ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. பரம்பரை மோகன் பகான் ரசிகர். அவருடைய தங்கை கிழக்கு வங்கத்திலிருந்து வந்த குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவர் என்பதால், தங்கை மகள் பிறந்ததிலிருந்தே ஈஸ்ட் பெங்கால். பட்டயக் கணக்காளர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் அந்தப் பெண், மாமாவோடு எதில் ஒத்துப்போனாலும் கால்பந்தில் ஒத்துப்போவதில்லை. நான் போய்ச் சேர்வதற்கு முன்பே, ஆகஸ்ட் 17 அன்று, காலிறுதியில் ஈஸ்ட் பெங்கால் 2-1 என்று மோகன் பகானை வீழ்த்தியிருந்தது. தியமந்தகோஸ் அடித்த இரண்டு கோல்களும் வீட்டில் இன்னும் ஆறவில்லை என்பதை, அவர் என்னை வரவேற்ற குரலிலேயே தெரிந்துகொண்டேன்.

மைதான் என்று அழைக்கப்படும் அந்தப் பெரும் புல்வெளியில், ராணுவத்துக்குச் சொந்தமான நிலத்தில்தான் இந்தக் கழகங்களின் கூடாரங்களும் பயிற்சித் திடல்களும் இருக்கின்றன. ஈடன் கார்டன்ஸ் அங்கிருந்து நடந்து போகும் தூரம். மோகன் பகான் திடலின் பக்கம் ஓர் உணவுக் கடையில் உட்கார்ந்தோம். பெரிய துண்டாக ஒரு கேரட், ஒரு பப்பாளிக்காய், ஒரு கோழித்துண்டு மிதக்கும் வெளிறிய ஸ்டூவும், வெண்ணெய் தடவி வாட்டிய ரொட்டியும் வந்தன. ஸ்டூவில் மிளகுத்தூளைத் தவிர வேறு காரமே இல்லை. மேசையில் நடந்த பேச்சு அந்தக் குறையைத் தீர்த்து வைத்தது.

பேச்சைத் தொடங்கியது தங்கை மகள்தான். சால்ட் லேக் அரங்கின் கொள்ளளவு அப்போது 1,20,000 என்றுதான் எல்லா இடத்திலும் இருக்கிறது. அதில் பதினோராயிரத்துச் சொச்சம் பேர் கூடுதலாக எங்கே உட்கார்ந்தார்கள், அதையும் கடைசி ஒற்றை ஆள் வரைக்கும் எண்ணியது யார் என்று கேட்டாள். தணிக்கைக்குப் படிக்கிற பெண்ணுக்கு வரக்கூடிய சந்தேகம்தான் இது. எனக்கு வியப்பாக இருந்தது வேறொன்று. அந்த ஆட்டத்தில் வென்றது அவளுடைய அணி. எண்ணிக்கையை விட்டுக்கொடுக்காமல் காப்பாற்றியவரோ நான்கு கோல் வாங்கித் தோற்ற அணியின் ரசிகர்.

அவர் வாதம் இதுதான். அன்று அரங்கில் இன்றிருப்பதுபோல் தனித்தனி நாற்காலிகள் கிடையாது. மூன்று அடுக்கிலும் பெரும்பகுதி சிமெண்ட் படிகள். தம் இரண்டு உள்ளங்கைகளையும் மேசைமீது பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஓர் ஆளுக்கு இவ்வளவு இடம் என்று கட்டியவன் நினைத்திருப்பான் என்றார். பிறகு ஒரு கையைத் திருப்பி விளிம்பில் நிறுத்தி, நாங்கள் இப்படி உட்கார்ந்தோம் என்று காட்டினார். பதிவான எண்ணே குறைவு என்பது அவர் கட்சி. ஏன் சார், தோற்ற ஆட்டத்துக்கு இவ்வளவு கூட்டம் சேர்க்கிறீர்கள் என்று கேட்டேன். "நாலு கோல் வாங்குவதென்றால் லட்சம் பேர் முன்னால் வாங்க வேண்டும். முப்பதாயிரம் பேர் முன்னால் வாங்கியிருந்தால் அதுதான் அவமானம்" என்றார்.

இருவர் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது. படிகளில் உட்காரும் அரங்குக்குக் கொள்ளளவு என்பது ஓர் உத்தேசம்தான். அதை மீறுவது நடக்கக்கூடியதே. ஆனால் அத்தகைய கூட்டத்தில் கடைசி இலக்கம் வரை துல்லியம் சொல்லும் ஓர் எண், உள்ளே இருந்த தலைகளை எண்ணியதாக இருக்கும் என்று நம்புவதற்குச் சற்றுத் தாராள மனம் வேண்டும். அகமதாபாதில் 2022 ஐபிஎல் இறுதி ஆட்டத்தை 1,01,566 பேர் பார்த்ததாகக் கின்னஸ் சான்றிதழே இருக்கிறது என்று அவள் சொன்னபோது, கிரிக்கெட்டை ஏன் இந்த மேசைக்குக் கொண்டுவருகிறாய் என்று மாமா உண்மையாகவே கோபித்துக்கொண்டார்.

இவ்வளவு கூட்டம் எதற்காக வந்தது என்ற கேள்வியில்தான் பேச்சு நடத்தைப் பக்கம் திரும்பியது. 1997-இல் மோகன் பகானின் பயிற்சியாளர் அமல் தத்தா. ஈஸ்ட் பெங்காலுக்கு பி.கே. பானர்ஜி. இருவரும் நீண்டகாலப் போட்டியாளர்கள். நடுக்களத்தை வைர வடிவில் நிறுத்தித் தாக்கும் 'டைமண்ட்' முறையை அமல் தத்தா கொண்டுவந்து, பெரிய வெற்றிகளோடு அரையிறுதிக்கு வந்திருந்தார். அந்த நம்பிக்கையில், ஆட்டத்துக்கு முந்தைய நாட்களில் எதிரணி வீரர்களைப் பத்திரிகைகளின் முன் கேலி செய்தார்: பாய்ச்சுங் பூட்டியாவை 'சுங் சுங்' என்றார், கென்யத் தற்காப்பு ஆட்டக்காரர் சாமி ஒமொல்லோவை 'ஆம்லெட்' என்றார். பி.கே. பதிலுக்குப் பேசாமல், தம் வீரர்களிடம் மட்டும் பேசினார். உற்சாகமூட்டும் அவருடைய பேச்சுக்கு அந்த ஊரில் 'வோக்கல் டானிக்' என்றே பெயர்.

ஆட்டத்தில் நடந்ததை மாமாவும் மருமகளும் மாறி மாறிச் சொன்னார்கள். அவள் பார்க்காத ஆட்டத்தை அவர் அளவுக்கே தெரிந்து வைத்திருந்தாள். முதல் கோல் நஜிமுல் ஹக். இரண்டாவது பாய்ச்சுங். சீமா ஒகோரி மோகன் பகானுக்கு ஒன்றைத் திருப்பியபோது அரங்கின் பாதி எழுந்து நின்றது. அதன்பின் பாய்ச்சுங் மேலும் இரண்டு அடித்து ஹாட்ரிக்கை முடித்தார். அப்போது அவருக்கு வயது இருபது.

அமல் தத்தா பேசியது நடத்தைக் குற்றமா, விளம்பரமா என்பதில் இருவரும் கடைசிவரை உடன்படவில்லை. அந்த வாய்தான் அரங்கை நிரப்பியது, ஒரு வாரம் ஊர் முழுவதும் அதே பேச்சாக இருந்தது என்றார் மாமா. சிக்கிம் மலையிலிருந்து வந்த ஒரு பையனின் பெயரை வைத்து ஊரைச் சிரிக்கச் செய்வது எப்படி விளம்பரமாகும் என்றாள் அவள். இதில் நான் அவள் பக்கம். 'ஆம்லெட்' என்பதைக்கூட வாய்க்கொழுப்பு என்று விட்டுவிடலாம். 'சுங் சுங்' என்பது அப்படி விடக்கூடியதில்லை. பாய்ச்சுங் மூன்று கோல் அடித்துவிட்டதாலேயே அந்தக் கேலி ஒரு சுவையான கதையாக மாறிவிட்டது. அவர் அன்று கோல் அடிக்காமல் போயிருந்தால் அந்தப் பெயர் எத்தனை ஆண்டுகள் அவரைத் துரத்தியிருக்கும் என்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

வீரர்களின் நடத்தை என்று வந்ததும் அவள் கையில் 2012 டிசம்பர் 9 தயாராக இருந்தது. ஐ-லீக் என்ற தேசியப் போட்டியின் ஓர் ஆட்டத்தில் நடுவரோடு மோதிய மோகன் பகான் அணித்தலைவர் ஒடாஃபா சிவப்பு அட்டை வாங்கினார், கேலரி கொந்தளித்தது, எறியப்பட்ட கல் பட்டுக் காயமடைந்தவர் அதே அணியின் ரஹீம் நபி. இடைவேளைக்குப் பின் மோகன் பகான் களமிறங்க மறுத்தது. முதலில் தடை விதிக்கப்பட்டு, பின் அது நீக்கப்பட்டு, இரண்டு கோடி ரூபாய் அபராதத்தோடு முடிந்தது. மாமா இதற்கு எதிர்வாதம் செய்யவில்லை. ஸ்டூவைக் குடித்து முடித்துவிட்டு, ஈடன் கார்டன்ஸ் இருக்கும் திசையைக் கையால் காட்டி, 1980 என்று மட்டும் சொன்னார்.

1980 ஆகஸ்ட் 16 அன்று அங்கு இதே இரு அணிகள் ஆடியபோது, திலீப் பாலித்துக்கும் பிதேஷ் போஸுக்கும் களத்தில் ஏற்பட்ட உரசல் கேலரிக்குப் பரவியது. கலவரத்திலும் நெரிசலிலும் 16 ரசிகர்கள் இறந்தார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் நகரத்தில் ரத்ததான முகாம் நடக்கிறது. கூட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் பேசும் அந்த ஊரில் இந்த எண்ணைப் பற்றி மட்டும் யாரும் பேரம் பேசி நான் கேட்கவில்லை. கூட்டம் பெரிதாக இருந்தது என்று பெருமைப்படும்போது, வெளியே போகும் வழி எவ்வளவு அகலமாக இருந்தது என்றும் கேட்க வேண்டும் என்பது, அந்த மேசையில் நான் சேர்த்த ஒரே வாதம்.

ஆகஸ்ட் 20 மாலை சியால்டாவில் மெட்ரோ ஏறி, சால்ட் லேக் ஸ்டேடியம் நிலையத்தில் இறங்கினோம். ஈஸ்ட் பெங்காலை எதிர்த்து டைமண்ட் ஹார்பர். 2022-இல்தான் தொடங்கப்பட்ட அணி. 2017-இல் பதினேழு வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பைக்காகச் சிமெண்ட் படிகள் போய் நாற்காலிகள் வந்துவிட்ட அரங்கில், இப்போது எண்ணுவது எளிது. அந்த உலகக் கோப்பையில் கவுகாத்தி ஆடுகளம் மழையில் கெட்டதால் இங்கு மாற்றப்பட்ட இங்கிலாந்து–பிரேசில் அரையிறுதியை 63,881 பேர் பார்த்தார்கள் என்பதை யாரும் மறுப்பதில்லை. அதிலும் ரியான் புரூஸ்டர் ஹாட்ரிக் அடித்தார். ஆனால் இந்த ஊர்க்காரர்கள் அதைப் பற்றி வாதிட்டு நான் கேட்கவே இல்லை.

முதல் பாதி வறட்சியாகப் போனது. இரண்டாம் பாதியில் மிகெல் கோர்தாசர் தலைக்குமேல் கால் சுழற்றி ஒரு கோல் அடித்தார். அடுத்த நிமிடமே அன்வர் அலி வெகுதூரத்திலிருந்து உதைத்துச் சமன் செய்தார். எங்களைச் சுற்றியிருந்த சிவப்பு-மஞ்சள் சட்டைகள் அத்தனையும் எழுந்தன. பிறகு, முன்பு ஈஸ்ட் பெங்காலுக்கே ஆடிய கேரளத்து ஜாபி ஜஸ்டின், டைமண்ட் ஹார்பரின் இரண்டாவது கோலைப் போட்டார். 2-1. எதிரணி ரசிகர்கள் நடுவில் வாய்திறக்காமல் உட்கார்ந்திருந்த மாமா, வெளியே படிக்கட்டில் இறங்கும்போதுதான் பேசினார்: "97-இல் டைமண்டை உடைத்தீர்கள். இன்று டைமண்ட் திருப்பிக் கொடுத்தது." நகைச்சுவையாகத்தான் சொன்னார், அவள் நிலையம் வரை அவரோடு பேசவில்லை. ரயிலுக்கு நின்றபோதுதான், இன்றைய கூட்டம் எவ்வளவு இருக்கும் என்று அவளாகவே கேட்டாள். ஆளுக்கொரு எண் சொன்னோம், மூன்றும் வேறுவேறு.

1997-இல் அந்தக் கோப்பையை யார் வென்றார்கள் என்று அப்போது கேட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சல்காவ்கர், இறுதி ஆட்டத்தில் ஈஸ்ட் பெங்காலை 2-1 என்று வென்று கோவாவுக்குக் கொண்டுபோனது. இதைச் சொன்னவரும் மாமாதான். 2025 டுராண்ட் கோப்பையின் இறுதி ஆட்டத்தில், ஆகஸ்ட் 23ஆம் தேதி, நார்த்ஈஸ்ட் யுனைடெட் 6-1 என்று டைமண்ட் ஹார்பரை நொறுக்கியபோது நான் கோரமண்டல் விரைவு ரயிலில் இருந்தேன். பார்த்தாயா என்று அவளுக்குச் செய்தி அனுப்பினேன். டிவியே போடவில்லை, எங்களுக்கு இறுதி ஆட்டம் 17ஆம் தேதியே முடிந்துவிட்டது என்று பதில் வந்தது.