ஆர்கானிக் வைனும் இங்கிலாந்து மழையும்

ஆர்கானிக் வைன் என்றதும் எதையும் கலக்காத சுத்தமான சமாச்சாரம் என்று பலரும் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் வைன் கெடாமல் இருக்கச் சேர்க்கும் கந்தக டையாக்சைடு அதிலும் உண்டு, அளவுதான் குறைவு. இனிப்பில்லாத சிவப்பு வைனில் வழக்கமாக லிட்டருக்கு 150 மி.கி. வரை போகலாம், ஆர்கானிக்கில் 100. சரி, அது பாட்டில் கதை. இங்கிலாந்தில் பாடு அதிகம் தோட்டத்தில்தான், அதுவும் மழையால்.

தென்கிழக்கு இங்கிலாந்தின் சசெக்ஸ், கென்ட் பக்கம் கோடையில் சில நாள் மழை பிடித்து, கூடவே கொஞ்சம் சூடும் சேர்ந்தால் போதும், அடிச்சாம்பல் நோய் இலைக்கு அடியில் வெள்ளையாகப் பூத்துவிடும். மழையே இல்லாவிட்டாலும் காற்றில் ஈரம் இருந்தால் சாம்பல் நோய் வரும். இரண்டிலும் தப்பித்து அக்டோபர் வரை வந்த குலை அறுவடைக்கு முன் அழுகிப்போவதும் உண்டு. மற்ற தோட்டக்காரர்கள் இலைக்குள் ஊடுருவும் மருந்தை அடித்துவிட்டுக் கொஞ்ச நாள் நிம்மதியாக இருக்கலாம். ஆர்கானிக்காரருக்கு அந்த வசதி கிடையாது. அவர் நம்பியிருக்கும் கந்தகம் இலைமேல் படிந்து நிற்கிற பொருள், ஒரு நல்ல மழை அதைக் கழுவிக்கொண்டு போனால் மறுபடி டிராக்டரை எடுக்க வேண்டும், களைக்கொல்லியும் கூடாது என்பதால் கொடிக்கு அடியில் களையெடுக்க இன்னொரு சுற்று. ரசாயனம் குறைகிறது, டீசல் கூடுகிறது. இதை யாரும் லேபிளில் போடுவதில்லை!

செம்பு விவகாரம் இன்னும் சங்கடம். மயில்துத்தமும் (செம்பு சல்பேட்) சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவை என்ற பூஞ்சை மருந்து ஐரோப்பிய ஆர்கானிக் தோட்டங்களுக்குப் பழைய துணை, ஆனால் செம்பு கன உலோகம், மண்ணிலேயே தங்கி மண்புழுவைப் பாதிக்கும். அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 7 ஆண்டுகளுக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ என்று வரம்பு வைத்திருக்கிறது.

என்னைக் கேட்டால், எந்த மருந்து என்பதைவிட எந்தக் கொடி என்பதுதான் முக்கியம். ஜெர்மனியின் ஃப்ரைபுர்க்கில் 1975-இல் உருவாக்கிய வெள்ளைத் திராட்சை சோலாரிஸ், பிரெஞ்சுக் கலப்பினமான செய்வால் பிளாங்க், சிவப்புக்கு ரொண்டோ, ரீஜண்ட் எல்லாம் பூஞ்சையை ஓரளவு தாமே சமாளிக்கும், சீக்கிரம் பழுக்கவும் செய்யும். கிழக்கு சசெக்ஸில் 1979-இல் தொடங்கிய செடில்ஸ்கோம் தோட்டம் இந்த வகைகளைப் பெரிதும் நம்பி வளர்ந்தது. ஆனால் இங்கிலாந்தில் நடப்பட்டதில் பெரும்பகுதி ஷார்டனேயும் பினோ நுவாரும் பினோ மூனியேயும்தான், ஷாம்பெயின் போலவே பொங்கும் வைன் செய்வதற்காக. பெயருக்கு விலை இருக்கிறது, நோய்க்கு அது தெரியாது. அந்த மூன்றையும் வைத்துக்கொண்டே ஆர்கானிக் செய்பவர்களும் இருக்கிறார்கள். சர்ரேயில் ஆல்பரி தோட்டம் அப்படித்தான். துணிச்சல்காரர்கள்.

கடையில் ஒரு குழப்பமும் வரும். ‘சஸ்டெய்னபிள்’ (சூழலுக்கு உகந்தது) என்று போட்டிருப்பதெல்லாம் ஆர்கானிக் இல்லை. பிரிட்டன் வைன் உற்பத்தியாளர்களின் வைன்ஜிபி அமைப்பு 2020-இல் தொடங்கிய சான்றிதழ் திட்டம் மருந்து, தண்ணீர், கார்பன், மண் எல்லாவற்றையும் பார்க்கிறது, செயற்கை மருந்தைக் குறைக்கச் சொல்கிறதே தவிர முழுதாகத் தடுப்பதில்லை. ஆர்கானிக் முத்திரைக்குத் தோட்டத்தை மாற்றும் காலமே 3 ஆண்டுகள். முதலில் எனக்கு வைன்ஜிபி திட்டம் ஒப்புக்குச் செய்வதாகத்தான் பட்டது. இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் ஆர்கானிக் விதிகள் கண்டுகொள்ளாத சில விஷயங்களை அது கேட்கிறது. ஏப்ரல், மே உறைபனியில் மொட்டைக் காப்பாற்ற வரிசை வரிசையாக மெழுகு வாளிகளை இரவெல்லாம் எரிக்கிறார்களே, அதில் பெரும்பாலும் பாரஃபின், அதாவது பெட்ரோலிய மெழுகு. பாட்டில் இன்னொன்று. பொங்கும் வைனின் உள்ளே சுமார் 6 வளிமண்டல அழுத்தம் இருப்பதால் மெல்லிய கண்ணாடி தாங்காது, ஷாம்பெயின்காரர்களே 900 கிராமிலிருந்து 835-க்கு இறக்கியதைத்தான் பெரிய சாதனையாகச் சொல்கிறார்கள்.

பொங்காத வைனுக்கு அந்தக் கட்டாயமே இல்லை. ஆர்கானிக் சோலாரிஸை இலேசான பாட்டிலில் யாராவது விற்றால் அதைத்தான் முதலில் எடுப்பேன். அந்தப் பெயரைக் கேட்டு விருந்தாளிகள் முழித்தால் முழிக்கட்டும்.