நிறுத்தச் சொன்னது ஒரு மாத்திரை, நிறுத்த வேண்டியது வேறொன்று

ஞானப்பல்லை வலிக்காமல் எடுத்தார், தையலும் சுத்தமாகப் போட்டார். அந்தப் பல் டாக்டரிடம் அதுவரை ஒரு குறையும் இல்லை. கோபமெல்லாம் மருந்துச் சீட்டு எழுத ஆரம்பித்த பிறகுதான்.

வீட்டில் மூன்று மாதம் முடியாத குழந்தை, தாய்ப்பால் மட்டும்தான். இதைப் படிவத்திலும் எழுதியிருந்தேன், நாற்காலியில் சாய்வதற்கு முன் வாயாலும் சொல்லியிருந்தேன். டாக்டர் தலை நிமிராமல் சொன்னார்: "ஆன்டிபயாடிக் எழுதியிருக்கேன். கோர்ஸ் முடியிற வரைக்கும் பால் கொடுக்காதீங்க, பவுடர் பால் கொடுத்துக்குங்க."

"பால் கட்டிக்குமே டாக்டர்?"

"பீய்ச்சிக் கீழ ஊத்திடுங்க."

அவ்வளவுதான். பால் கட்டிக் காய்ச்சல் வந்தால் யார் பார்ப்பது, பாட்டிலையே பார்க்காத குழந்தை குடிக்குமா, மறுபடி ஆரம்பிக்கும்போது பால் பழையபடி சுரக்குமா, எதற்கும் பதில் இல்லை. அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மருந்துக் கடையில் கேட்டால், "டாக்டர் சொன்னபடி செய்யுங்க." பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளில், "பாலூட்டும் தாய்மார் மருத்துவரை அணுகவும்." கிளினிக்குக்கு போன் செய்தால் வரவேற்பில் இருந்த பெண், "மருந்து விஷயம்னா கடையிலயே கேட்டுக்கங்க மேடம்." மூன்று பேரும் ஒருவரை ஒருவர் கைகாட்டி முடித்தார்கள். மார்பு கல்லாக இறுகத் தொடங்கியிருந்தது.

அந்தத் தாளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். புது மருந்துகளின் சோதனைகளில் பாலூட்டும் பெண்களைப் பெரும்பாலும் சேர்ப்பதே இல்லை. கையில் தரவு இல்லாத கம்பெனி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள "தவிர்க்கவும்" என்று போட்டுவிடும். ஆபத்து என்று தெரிந்து எழுதியதும் தெரியாமல் எழுதியதும் அங்கே ஒரே மாதிரிதான் இருக்கும்.

பிறகு லாக்ட்மெட்டைத் திறந்தேன். எந்த மருந்து தாய்ப்பாலில் எவ்வளவு போகும் என்று சொல்லும் இலவசத் தரவுத்தளம், அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் இணையதளத்தில் கிடைக்கிறது. மருந்தின் மூலப்பெயரைப் போட்டுத் தேட வேண்டும். அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கிறதே, அந்தப் பெயர்.

சீட்டில் மூன்று மருந்துகள். அமாக்ஸிசிலின் என்ற ஆன்டிபயாடிக்: பாலில் மிகக் குறைவாகவே போகிறது, பச்சைக் குழந்தைகளுக்கே நேரடியாகக் கொடுக்கிற மருந்து, பாலூட்டுவதற்குத் தடையில்லை. தாய் தன் எடையில் ஒரு கிலோவுக்கு எடுக்கிற அளவோடு ஒப்பிட்டால், குழந்தைக்கு அதன் எடையில் ஒரு கிலோவுக்குப் பால் வழியாக எத்தனை சதவீதம் போய்ச் சேர்கிறது என்று ஒரு கணக்கு உண்டு. பொதுவாக 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஏற்கலாம் என்பார்கள். அமாக்ஸிசிலினுக்கு அது சுமார் 1 சதவீதம். இதற்காகத்தான் என்னைப் பால் நிறுத்தச் சொன்னார்கள்! இரண்டாவது மெட்ரோனிடசோல், அதுவும் ஆன்டிபயாடிக்தான்; கொஞ்சம் கூடுதலாகப் போகும், பால் லேசாகக் கசக்கலாம், குழந்தைக்கு வயிறு இளகலாம். ஒரேயடியாக 2 கிராம் எடுத்தால் அரை நாளிலிருந்து ஒரு நாள் வரை இடைவெளி விடச் சொல்கிறார்கள். எனக்கு எழுதியது அந்த அளவு அல்ல.

மூன்றாவது, யாருமே வாய் திறக்காத வலி மாத்திரை. அட்டையைத் திருப்பினால் பாராசிட்டமால் 325 மி.கி., டிராமடால் 37.5 மி.கி. வயிற்றில் புளியைக் கரைத்தது. 2017 ஏப்ரலிலேயே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், பாலூட்டும் தாய்மார் கோடீன், டிராமடால் என்ற இரண்டு வலி மருந்துகளையும் எடுக்கக் கூடாது என்று எச்சரித்திருக்கிறது. சிலருடைய கல்லீரல் இவற்றை மிக வேகமாக வீரியம் கூடிய பொருளாக மாற்றிவிடும். அது பாலில் போனால் குழந்தைக்கு அளவுக்கு மீறிய தூக்கம், பால் குடிக்க முடியாமை, மூச்சுத் திணறல் வரை போகலாம். நம் உடம்பு அந்த வகையா என்று பார்த்தால் தெரியாது. நல்லவேளை, மரப்பு ஊசியின் வேகம் இறங்காததால் நான் அதைப் பிரிக்கவே இல்லை. பிரித்து விழுங்கிவிட்டவர்கள் உடனே டாக்டரிடம் பேசுங்கள். குழந்தை எழுப்பியும் எழாமல் துவண்டு கிடந்தால், மூச்சு வித்தியாசமாக இருந்தால், போன் போட்டுக்கொண்டிருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்கு ஓடுங்கள்.

இணையத்தில் படித்ததை வைத்து நானே முடிவு செய்யவில்லை. குழந்தை டாக்டரிடம் சீட்டையும் அட்டைகளையும் கொண்டுபோய்க் காட்டினேன். டிராமடாலை அடித்துவிட்டு இபுப்ரோஃபென் எழுதினார். "பாலை ஏம்மா நிறுத்துன? போய்க் கொடு." வாசலில் காத்திருந்த நாற்காலியிலேயே கொடுத்தேன்.

டாக்டரிடம் போகும்போதே இதைக் கேளுங்கள்: "பால் கொடுக்கலாமா" என்று பொதுவாக வேண்டாம். "குழந்தைக்கு இத்தனை மாதம், இந்த மாத்திரைக்குப் பதில் பாலூட்டும்போது ஒத்துவருகிற வேறு மாத்திரை இருக்கிறதா?" என்று ஒவ்வொரு மருந்தாகக் கேளுங்கள். குழந்தையின் வயதையும் குறைமாதமா என்பதையும் கட்டாயம் சொல்லுங்கள். முதல் இரண்டு மாதத்தில்தான் அதிகக் கவனம் தேவை. பீய்ச்சிக் கொட்டினால் மருந்து சீக்கிரம் வெளியேறும் என்பதும் பொய். ரத்தத்தில் குறையக் குறையத்தான் பாலிலும் குறையும். உண்மையிலேயே நிறுத்தியாக வேண்டிய மருந்துகளும் உண்டு, புற்றுநோய் மருந்துகள், கதிரியக்க அயோடின் போல. அதனால் "எல்லாம் ஒன்றும் ஆகாது" என்கிற உறவினர் பேச்சையும் நம்ப வேண்டாம்.

தையல் பிரிக்கப் போனபோது குழந்தை டாக்டர் எழுதியதை மேஜையில் வைத்தேன். பல் டாக்டர் இரண்டு முறை படித்தார், "சரி, மாத்திக்கலாம்" என்றார். மன்னிப்பெல்லாம் இல்லை. ஆனால் என் கோப்பில் சிவப்பு மையில் "பாலூட்டுகிறார்" என்று எழுதினார்.

இன்னொன்று, சளி மாத்திரை வாங்குகிறவர்களுக்கு. சூடோஎபெட்ரின் என்ற மூக்கடைப்பு மருந்து இருக்கிறதா என்று அட்டையைத் திருப்பிப் பாருங்கள். குழந்தையைவிட அது உங்கள் பால் சுரப்பைத்தான் பதம் பார்க்கும், 60 மி.கி. ஒரே ஒரு முறை எடுத்ததிலேயே பால் 24 சதவீதம் குறைந்ததாக 2003-இல் வந்த ஆய்வு சொல்கிறது. மூக்கடைப்புக்கு உப்பு நீர்ச் சொட்டு போதும்.