அறுபத்தோராம் நாள்

சில ஆண்டுகளுக்கு முன், புதிய குற்றவியல் சட்டங்கள் வருவதற்கு முந்தைய காலத்தில், ஓர் அம்மா மஞ்சள் பையோடு என் அலுவலகத்துக்கு வந்தார். இருசக்கர வாகனத் திருட்டு வழக்கில் அவருடைய மகன் கிளைச்சிறையில் இருந்தான். உள்ளே போய் எத்தனை நாளாயிற்று என்று கேட்டேன். பதில் சொல்லாமல், பையிலிருந்து ரப்பர் பேண்டு போட்ட ஒரு தாள்கட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். மகனை நீதிமன்றம் ரிமாண்ட் செய்த, அதாவது காவலில் வைக்க உத்தரவிட்ட, நாள் முதல் வீட்டு நாள்காட்டியில் தினமும் கிழித்த தாள்கள் அவை. எண்ணிப் பார்த்தேன், 67 இருந்தன.

மறுநாள் நீதிமன்றத்தில் விசாரித்தபோது, 64ஆம் நாளில் போலீசார் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்துவிட்டது தெரிந்தது. இத்தகைய வழக்கில் 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால், காவலில் இருப்பவருக்கு ஜாமீன் கேட்கும் உரிமை பிறந்துவிடும். 64ஆம் நாளுக்கு முந்தைய மூன்று நாள்களில் யாராவது ஒரு மனு போட்டிருந்தால், ஜாமீன்தார் கொடுக்க அவன் ஒப்புக்கொண்ட அளவில், நடுவர் (மாஜிஸ்திரேட்) ஜாமீன் கொடுத்தே தீர வேண்டும். வழக்கின் தன்மை, அரசுத் தரப்பின் ஆட்சேபம் எதுவும் அங்கே குறுக்கே நிற்க முடியாது. ஆனால் அவனுக்கென்று அதுவரை வழக்கறிஞரே இல்லை. குற்றப்பத்திரிகை வந்த நொடியில் அந்த உரிமை போய்விட்டது.

இதைத்தான் நீதிமன்ற வட்டாரத்தில் டீஃபால்ட் பெயில் என்கிறோம். கைதானவரை 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்று அரசமைப்புச் சட்டத்தின் 22ஆவது உறுப்பு சொல்வது பலருக்கும் தெரியும். அதற்குப் பிறகு எத்தனை நாள் விசாரணைக் காவலில் வைக்கலாம் என்பது அந்த அளவுக்குத் தெரிவதில்லை. 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இந்தக் காவலுக்கு 15 நாள்தான் வரம்பு என்றாலும், அரைகுறை அறிக்கையைத் தாக்கல் செய்துவிட்டுக் காவலை நீட்டிக்கொண்டே போகும் வழக்கம் இருந்தது. அதைத் தடுக்கவே 1973ஆம் ஆண்டுச் சட்டம் 60 நாள் வரம்பைக் கொண்டுவந்தது. 1978இல் செய்த திருத்தம் கடும் குற்றங்களுக்கு அதை 90 நாளாக்கியது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் பழைய 167ஆவது பிரிவு 187ஆவது பிரிவாகியிருக்கிறது. போலீஸ் காவல் எடுக்கும் முறை மாறியிருந்தாலும், 60, 90 என்ற இரண்டு எண்களும் அப்படியே நிற்கின்றன.

நாளை எப்படி எண்ணுவது என்பதிலேயே நெடுங்காலம் சண்டை இருந்தது. ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று கபில் வாத்வான் வழக்கில் 2023 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு தீர்த்து வைத்தது. ஜூன் 3ஆம் தேதி ரிமாண்ட் என்றால் ஜூனில் 28 நாள், ஜூலையில் 31 நாள், ஆகஸ்ட் 1ஆம் தேதி அறுபதாம் நாள். ஆகஸ்ட் 2ஆம் தேதி காலையில் நீதிமன்றம் திறக்கும்போது மனு கையில் இருக்க வேண்டும்.

மனு முதலில் வந்ததா, குற்றப்பத்திரிகை முதலில் வந்ததா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. சென்னையில் தொடங்கிய எம்.ரவீந்திரன் வழக்கு போதைப்பொருள் சட்டத்தின் கீழ் வந்தது. அந்த வழக்கில் வரம்பு 180 நாள். 2019 பிப்ரவரி 1ஆம் தேதி, 181ஆம் நாளில், மனு தாக்கலானது. அதே நாளில் சற்றுப் பின்னால் விசாரணை அமைப்பும் குற்றப்பத்திரிகைக்கு நிகரான தன் புகாரைத் தாக்கல் செய்தது. விசாரணை நீதிமன்றம் கொடுத்த ஜாமீனை உயர் நீதிமன்றம் ரத்து செய்ய, 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதை மீட்டுக் கொடுத்தது. உரிமையை ஒருவர் கேட்டுவிட்ட பிறகு, பின்னால் வரும் எந்தத் தாக்கலும் அதைப் பறிக்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். அதனால்தான் இத்தகைய மனுவில் தேதியோடு நேரத்தையும் குறித்துத் தரும்படி நான் கேட்டு வாங்குகிறேன்.

கேட்டால்தான் கிடைக்கும் என்ற இந்த நிலை எனக்கு இன்றும் உறுத்துகிறது. ராகேஷ் குமார் பால் வழக்கில் 2017இல் உச்ச நீதிமன்றம் வாய்மொழியாகக் கேட்டாலே போதும் என்றது. உரிமை பிறந்துவிட்டதை அறியும் நீதிமன்றம் அதைக் கைதிக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டது என்றும் சொன்னது. நடைமுறையில் காவல் நீட்டிப்பு பெரும்பாலும் காணொலியில் நடக்கிறது. பெயரைக் கூப்பிடுகிறார்கள், திரையில் ஒரு முகம் எழுந்து நிற்கிறது, அடுத்த தேதி சொல்லப்படுகிறது, அடுத்த பெயர் வந்துவிடுகிறது. அந்த அரை நிமிடத்தில் தனக்கு அறுபதாம் நாள் எது என்று அந்த மனிதனுக்கு யார் சொல்வது? முதல் ரிமாண்ட் உத்தரவிலேயே அந்தத் தேதியைத் தமிழில் எழுதி, கைதியிடம் ஒரு நகலைக் கொடுத்தால் என்ன என்று பல முறை நினைத்திருக்கிறேன். நடுவருக்குக் கூடுதலாக ஒரு வரி எழுதும் வேலை, அவ்வளவுதான்.

அந்த அம்மாவின் மகனுக்குச் சாதாரண ஜாமீன் மனு போட்டு, முதல் மனு தள்ளுபடியாகி, இரண்டாவது மனுவில் உத்தரவு வாங்கினோம். அதன் பிறகும் அவன் எட்டு நாள் உள்ளேயே இருந்தான். இரண்டு ஜாமீன்தார்கள் வேண்டும், வீட்டு வரி ரசீது வேண்டும். அவர்கள் குடியிருந்ததோ வாடகை வீடு. உறவுக்காரர் ஒருவர் ரசீதைத் தேடி எடுத்து வர அத்தனை நாளாயிற்று.

இந்த இடத்தில் இப்போது ஒரு வழி இருக்கிறது. ஜாமீன் உத்தரவு கிடைத்து 7 நாள்களுக்குள் ஒருவர் விடுதலையாகவில்லை என்றால், சிறைக் கண்காணிப்பாளர் அதை மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரி 31ஆம் தேதி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. சிறையிலிருந்து தகவல் போகட்டும் என்று வீட்டார் காத்திருக்க வேண்டியதில்லை. ஜாமீன் உத்தரவின் நகலோடு தாங்களே அந்த ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போய்க் கேட்கலாம். வழக்கறிஞர் இல்லாதவர்கள் முதல் ரிமாண்ட் நடந்த அன்றே போகலாம். காவலில் இருப்பவருக்கு அங்கே இலவசமாக வழக்கறிஞர் அமர்த்தித் தருவார்கள்.