ராகு கட்டியிருப்பது எந்த ஊர் கடிகாரம்?

23 ஆகஸ்ட் 2025, சனி

தம்பிக்கு நிச்சயதார்த்தம் வைக்க நாள் தேடுகிறோம். ஆடி முழுக்க அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று பாட்டி சொல்லிவிட்டதால் ஆவணி பிறந்த பிறகுதான் வாயைத் திறந்தோம். எனக்கு 31ஆம் தேதி பிடித்திருந்தது. ஞாயிறு, மெர்டேக்கா (மலேசியச் சுதந்திர நாள்), மறுநாள் திங்களும் விடுமுறை, ஈப்போ பினாங்கு சொந்தமெல்லாம் அவசரமில்லாமல் வந்து போகலாம். அம்மா நாள்காட்டியைப் பார்த்தார். ஞாயிறு அஷ்டமி, திங்கள் நவமி. அவ்வளவுதான், பேச்சு முடிந்தது.

கண்ணன் பிறந்தது அஷ்டமி, ராமன் பிறந்தது நவமி, இரண்டு பேரையும் சாமி அறையில் மாட்டி வைத்துக்கொண்டு அவர்கள் பிறந்த திதி மட்டும் ஆகாதா என்று கேட்டேன். "அவங்க ரெண்டு பேரும் எவ்வளவு கஷ்டப்பட்டாங்கன்னு தெரியும்ல?" என்றார் பாட்டி. ஒருத்தர் சிறையில் பிறந்தார், இன்னொருத்தர் 14 வருஷம் காட்டில் கிடந்தார், இதற்கு மேல் நான் என்ன சொல்ல.

கடைசியில் செப்டம்பர் 5 என்று முடிவானது. வெள்ளிக்கிழமை, நபிகள் நாயகம் பிறந்தநாள் விடுமுறை, திருவோண நட்சத்திரம். எல்லாருக்கும் திருப்தி.

நாங்கள் இருக்கும் கோலாலம்பூர் செந்தூல் அடுக்குமாடியில் நாலாவது மாடியே கிடையாது. லிஃப்டில் மூன்றுக்கு அடுத்து 3ஏ, அப்புறம் ஐந்து. சீனர்களுக்கு நாலு பந்தாங், அதாவது ஆகாது. அந்தப் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் சிரிக்காமல் இருந்ததில்லை. நாள்காட்டியில் அஷ்டமியைப் பார்த்ததும் ஒருவரும் சிரிக்கவில்லை.

25 ஆகஸ்ட், திங்கள்

திங்கள் காலை 7.30 முதல் 9 வரை ராகு காலம். நான் ஆபீஸ் போய்ச் சேருவது 8.30க்கு. இத்தனை வருஷத்தில் ஒரு திங்கள்கிழமைகூட "ராகு போகட்டும், அப்புறம் கிளம்பு" என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை.

"திருநாள் சந்தடியில் வெளியில் புறப்பட்டு விளையாடச் செல்வது ஞாயமா" என்ற வரியைச் சின்ன வயதிலேயே பாட்டி எங்களுக்கு மனப்பாடம் பண்ண வைத்தார். திங்கள், சனி, வெள்ளி, புதன், வியாழன், செவ்வாய், ஞாயிறு, அந்த வரிசையில் ஒன்றரை மணி நேரமாகத் தள்ளிக்கொண்டே போனால் ஏழு நாளுக்கும் ராகு காலம் வந்துவிடும். அதே பாட்டி இளம் வயதில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது மரத்தைச் சீவிப் பால் எடுத்தவர். விடியுமுன்னே பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, போய் நிற்க வேண்டும், பேர் கொடுத்ததும் கத்தியைத் தூக்கிக்கொண்டு நிரைக்கு (மர வரிசைக்கு) நடக்க வேண்டும். திங்கள்கிழமை ஏழரை மணிக்கு மரத்தடியில்தான் நின்றிருப்பார். கங்காணியிடம் ராகு காலம் என்று சொல்ல முடியுமா என்று இன்றைக்குக் கேட்டேன். "சொன்னா அன்னைக்குப் பேரு விழுகாது" என்றார். அதாவது சம்பளம் கிடையாது.

சம்பளம் கொடுப்பவனுக்கு முன்னால் ராகு எப்போதுமே கொஞ்சம் ஒதுங்கித்தான் நின்றிருக்கிறார். பள்ளிப் பரீட்சை, விமானம், ஆஸ்பத்திரி, இதற்கெல்லாம் அவர் வழி விடுகிறார். பேச ஆளில்லாத இடத்தில்தான் பிடிவாதம்.

28 ஆகஸ்ட், வியாழன்

நிச்சயத் தட்டை எத்தனை மணிக்கு மாற்றுவது என்று இன்று ஒரு பஞ்சாயத்து. வெள்ளி ராகு காலம் 10.30 முதல் 12 வரை, எங்கள் வீட்டு நாள்காட்டியில் அப்படித்தான் இருக்கிறது. காலை ஒன்பதரைக்குள் முடிக்கலாம் என்றால் ஈப்போக்காரர்கள் வந்து சேர மாட்டார்கள். அதனால் 12.15 என்று வைத்தார்கள்.

எனக்குக் கை அரித்தது, உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ராகு காலம் என்பது சூரியன் உதிப்பதிலிருந்து மறைவது வரையுள்ள பகலை எட்டாகப் பிரித்து அதில் ஒரு பங்கு. நாள்காட்டியில் இருக்கும் 10.30, ஆறு மணிக்கு உதயம், ஆறு மணிக்கு அஸ்தமனம் என்று வைத்துக்கொண்டு போட்டது. கோலாலம்பூரில் எந்த மாதத்தில் ஆறு மணிக்கு விடிகிறது? செப்டம்பர் தொடக்கத்தில் சூரியன் வருவதே ஏழு மணி தாண்டித்தான், மறைவதும் ஏழேகால் வாக்கில். வானத்துச் சூரியனை நம்பினால் வெள்ளிக்கிழமை நாலாவது பங்கு ஏறக்குறைய 11.40க்குத் தொடங்கி 1.10 வரை போகிறது. ராகுவுக்குப் பயந்து எல்லாரும் தேடிப் பிடித்த 12.15 அவருடைய நடுவீட்டில் இருக்கிறது.

ஏன் இப்படி என்றால், 1981 டிசம்பர் 31 இரவு 11.30க்கு மேற்கு மலேசியாவில் எல்லாரும் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள், கிழக்கில் இருக்கும் சபா சரவாக்கோடு ஒரே நேரம் இருக்க வேண்டும் என்பதற்காக. அதற்கு முன்னாலேயே நம் கடிகாரம் சூரியனை விட முக்கால் மணி நேரம் முந்தித்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஜப்பான்காரன் ஆட்சியில் இன்னும் மோசம், டோக்கியோ நேரத்தையே இங்கேயும் வைத்தான். இத்தனை தடவை மணி மாறியும் நாள்காட்டியில் 10.30 அசையவே இல்லை. அரசாங்கம் முள்ளைத் தள்ளினால் ராகுவும் கூடவே தள்ளி நிற்பாரா என்ன.

இதைச் சாப்பாட்டு மேசையில் சொன்னேன். அப்பா ஆர்வமாகக் கேட்டார். அம்மா, "அப்போ எத்தனை மணிக்குத்தான் வைக்கணும்ங்கிற?" என்றார். எப்போது வேண்டுமானாலும் வைக்கலாம் என்றேன். 12.15ஐ யாரும் மாற்றவில்லை.

30 ஆகஸ்ட், சனி

இதுவரை எழுதியதெல்லாம் சிரித்துவிட்டுப் போகக்கூடியது. வெள்ளிக்கிழமை நகம் வெட்டாதே, விளக்கு வைத்தபின் பெருக்காதே, புது கார் சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கு, செய்தால் செய்துவிட்டுப் போகட்டும், யாருக்கும் நட்டமில்லை (எலுமிச்சம்பழத்தைத் தவிர).

இன்றைக்குத் தட்டு தூக்குகிறவர்கள் பட்டியல் எழுதினார்கள். ஒன்பது தட்டு, ஒன்பது சுமங்கலிகள். அத்தை பெயர் இல்லை. அப்பாவின் தங்கை. அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போய்விட, தம்பியையும் என்னையும் குளிப்பாட்டி, பள்ளிக்கு அனுப்பி, காய்ச்சல் வந்தால் ராத்திரி முழுக்க விழித்திருந்தவர். மாமா மாரடைப்பில் போனபோது அவருக்கு 38 வயது. அன்றிலிருந்து எந்த விசேஷத்திலும் சமையலறையில்தான் நிற்கிறார்.

பாட்டியிடம் கேட்டேன். "எனக்கு ஒண்ணும் இல்லடி, சம்பந்தி வீட்டுல என்ன நினைப்பாங்க?" என்றார். அம்மாவும் அதையேதான் சொன்னார். நம்பிக்கை தங்களுக்கு இல்லையாம், அடுத்த வீட்டுக்காரர்களுக்கு இருக்கிறதாம்.

பாட்டியும் தாத்தாவை இழந்தவர்தான். ஆனால் எண்பதைத் தாண்டியதால் ஆசீர்வாதம் வாங்க எல்லாரும் முதலில் அவர் காலில்தான் விழுகிறார்கள், அவர் பூசும் திருநீறு விசேஷம் என்கிறார்கள். பெற்ற மகளை மட்டும் பின்னால் நிற்கச் சொல்கிறார். இதை வாய்விட்டே சொன்னேன். பாட்டி பதில் சொல்லவில்லை, நானும் விடவில்லை, கொஞ்சம் சத்தமாகிவிட்டது. 1929 கடைசியில் பெரியார் மலாயாவுக்கு வந்தபோதே இதையெல்லாம் பேசிவிட்டுப் போனார், நாம் இன்னும் பட்டியல் எழுதிக்கொண்டிருக்கிறோம்.

2 செப்டம்பர், செவ்வாய்

பெண்ணின் அம்மாவுக்கு நானே போன் போட்டேன். "எங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா, உங்க வீட்டுப் பெரியவங்க ஏதாவது நினைப்பாங்கன்னு நாங்க எங்க அக்காவைக்கூட முன்னால வர வேணாம்னு சொல்லி வச்சிருந்தோம்" என்றார். அந்த அக்காவும் கணவரை இழந்தவராம்.

சந்தோஷமாக ஓடிப்போய் அத்தையிடம் சொன்னால் அவர் மறுத்துவிட்டார். "வேணாம்மா. நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு ஒரு தலைவலி வந்தாலும் நான் தட்டு தூக்கினதுதான் காரணம்பாங்க. நான் எங்கே போய் நிக்கிறது?" என்றார். அவருக்கும் நம்பிக்கை இல்லை. பழி வரும் என்பது மட்டும் அவருக்கு நிச்சயமாகத் தெரியும். பழங்கால வானியலாளர் ஆரியபட்டாவையும் கடிகாரத்தையும் வைத்து இதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

5 செப்டம்பர், வெள்ளி இரவு

எல்லாம் நன்றாக நடந்தது. 12.15 என்று சொல்லி 12.40க்குத் தட்டு மாற்றினோம், சூரியக் கணக்கில் சுத்தமான ராகு காலம். சாம்பார் கொஞ்சம் உப்பு, வேறு குறையில்லை.

அத்தை தட்டு தூக்கவில்லை. ஆனால் பெண்ணும் தம்பியும் பாட்டியிடம் ஆசி வாங்கியதும் தம்பி பேசாமல் பெண்ணைக் கூட்டிக்கொண்டு பின் வரிசைக்குப் போய் அத்தை காலில் விழுந்தான். அத்தை பதறிப் பின்வாங்கினார். பெண்ணின் பெரியம்மா, அந்த அக்காதான், பக்கத்தில் நின்றவர், "பூசி விடுங்க" என்று திருநீற்றுத் தட்டை நீட்டினார். பூசினார். பாட்டி பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை.

8 செப்டம்பர், திங்கள்

நேற்று நள்ளிரவு தாண்டி முழுச் சந்திர கிரகணம். 12.27க்குத் தொடங்கி, 1.30லிருந்து 2.52 வரை சந்திரன் முழுதாக நிழலுக்குள். பெரியப்பா மகன் வீட்டு அண்ணிக்கு ஏழாம் மாதம். வெளியே போகாதே, கத்தி எடுக்காதே, மல்லாந்து படுக்காதே என்று ஆளாளுக்குப் போன். ராத்திரி இரண்டு மணிக்குக் கர்ப்பிணி மட்டுமா, கோலாலம்பூரே வீட்டுக்குள்தான் படுத்திருந்தது. விழுவது பூமியின் நிழல் என்று 499இலேயே ஆரியபட்டா எழுதிவிட்டார். அம்மா குளிர்சாதனப் பெட்டிக்குள் மீன் குழம்புச் சட்டிமேல் தர்ப்பை போட்டு வைத்திருந்தார், அதை மறக்காமல் எழுத வேண்டும்.

14 செப்டம்பர், ஞாயிறு

கல்யாணம் தையில். மண்டபம் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள். தட்டுப் பட்டியலில் அத்தை பெயரையும் பெண் வீட்டுப் பெரியம்மா பெயரையும் இப்போதே சேர்க்க வேண்டும் என்றேன், பழி வந்தால் இரண்டு வீடும் சேர்ந்து வாங்கிக்கொள்ளட்டும். தம்பி சரி என்றான். அப்பா சரி என்றார். அம்மா, "பாட்டிகிட்ட நீயே சொல்லிடு" என்றார். இன்று சாயங்காலமே சொல்லப் போகிறேன், நாலரையிலிருந்து ஆறுக்குள் வேண்டாம், அந்த நேரம் அவர் தூங்கி எழுந்து கோபமாக இருப்பார்.